ஏட்டுச் சுரைக்காய்க்கு ஒரு கொடி

1991 ஆகஸ்ட் 23. நார்வே நாட்டின் ஸ்தவாங்கர் நகரை ஒட்டி, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஆழமான நீர்ப்பள்ளம். அங்கே ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடையின் அடித்தளத்தை மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 24 கான்கிரீட் உருளைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியது போன்ற பூதாகரமான கட்டுமானம் அது. வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் தரைதட்டி உட்கார்ந்து, 57,000 டன் மேல்தளத்தைத் தலையில் சுமக்க வேண்டியது. மேல்தளத்தைப் பொருத்துவதற்கு முன்னேற்பாடாக, உள்ளே தண்ணீரை நிரப்பிக் கனமேற்றி, அடித்தளத்தை அமிழ்த்தும் வேலைதான் அன்று நடந்தது.

திடீரென்று உள்ளிருந்து ஒரு பெருஞ்சத்தம். தொடர்ந்து தண்ணீர் பீறிடும் இரைச்சல். பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் தப்பித்துவிட்டார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை. ஆனால் அந்தக் கான்கிரீட் குன்று அவர்கள் கண்ணெதிரே முழுகியது. கீழே போகப்போக நீரழுத்தம் தாங்காமல் நொறுங்கி, 220 மீட்டர் அடியில் வெறும் கற்குவியலாகப் போய் விழுந்தது. விழுந்த அதிர்ச்சி நில அதிர்வுமானிகளில் ரிக்டர் 3 எனப் பதிவாயிற்று. இழப்பு, எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 70 கோடி டாலர்.

கணினியில் சோதித்துப் பார்க்காமலா கட்டினார்கள்? பார்த்தார்கள். விண்வெளிக் கலங்களுக்காக நாசா உருவாக்கிய, உலகம் முழுக்கப் பொறியாளர்கள் நம்பிய நாஸ்ட்ரான் என்ற நிரலில்தான் பார்த்தார்கள். சுவர் தாங்கும் என்றது கணினி. சுவர் தாங்கவில்லை.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால் இன்றைய பொறியியல் முழுவதும் ஏட்டுச் சுரைக்காயில்தான் ஓடுகிறது. விமானம், பாலம், கார், அணு உலை, செல்போன் என எதுவாக இருந்தாலும் முதலில் அது கணினிக்குள் பிறக்கிறது. அங்கே பலமுறை உடைகிறது, எரிகிறது, மோதுகிறது. பிறகுதான் இரும்பையோ சிமெண்டையோ தொடுகிறார்கள். இந்தக் கணினி ஒத்திகைக்குத்தான் சிமுலேஷன் என்று பெயர். கட்டி முடித்த பிறகும் அந்த ஏட்டுப் பிரதியைத் தூக்கிப் போடாமல், நிஜப் பொருளோடு சேர்த்து அதையும் வளர்த்துவந்தால் அது டிஜிட்டல் இரட்டை. ஏட்டில் இருப்பது எப்போது கறிக்கு உதவும், எப்போது கையை விரிக்கும் என்பதை ஸ்லைப்னரின் உடைந்த சுவரிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம்.

தோசைக்கல்லும் ஸ்கேலும்

ஒரு பாலத்தின் மேல் லாரி ஏறினால் எந்த இடத்தில் எவ்வளவு விசை விழும் என்று சொல்லும் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தயார். ஆனால் வளைவும் நெளிவும் ஓட்டையும் மூலையுமாக இருக்கிற நிஜமான பொருளுக்கு அந்தச் சமன்பாட்டைப் பேனாவும் தாளும் வைத்துத் தீர்ப்பது ஆகாத காரியம். அதற்குக் கண்டுபிடித்த வழி, வெட்டிப் பிரிப்பது. பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக மனக்கண்ணால் வெட்டு. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் விசை எளிமையாக மாறுகிறது என்று வைத்துக்கொள். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் கணக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடு. கடைசியில் ஆயிரக்கணக்கான எளிய சமன்பாடுகள் கிடைக்கும். கணினிக்கு அது அவல் மாதிரி.

இந்த யோசனையின் வித்து 1943இல் ரிச்சர்ட் கூரான்ட் என்ற கணிதமேதையிடம் இருந்தது. 1956இல் போயிங் நிறுவனத்தின் விமான இறக்கைகளுக்காக டர்னர், கிளஃப் உள்ளிட்ட நால்வர் அதைக் கட்டுரையாக்கினார்கள். 1960இல் ரே கிளஃப் அதற்கு ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர் வைத்தார்.

இதை அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தோசைக்கல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு 94.25 செ.மீ. என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். அந்தக் கணக்கு தெரியாது, கையில் இருப்பது நேரான ஸ்கேல் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் ஆறு புள்ளிகளைச் சம தூரத்தில் குறித்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டில் அளந்தால் ஆறு பதினைந்து, 90 செ.மீ. நாலே கால் செ.மீ. குறைகிறது. பன்னிரண்டு புள்ளி வைத்தால் 93.17. இருபத்து நான்கு வைத்தால் 93.98. தொண்ணூற்றாறு வைத்தால் 94.23. துண்டுகளை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழ நாலில் ஒன்றாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். பிழை ஒருநாளும் முற்றாக ஒழியாது. ஆனால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நமக்குத் தெரியும். சிமுலேஷனின் நாணயம் முழுவதும் அந்தத் தெரிதலில்தான் இருக்கிறது.

துண்டு பெருகினால் செலவும் பெருகும். முப்பரிமாணத்தில் துண்டின் பக்கத்தைப் பாதியாக்கினால் ஒன்று எட்டாகிவிடும். ஆகவே பொறியாளர் எல்லா இடத்தையும் பொடிப்பொடியாக வெட்டுவதில்லை. விசை அதிகம் மாறாத இடத்தில் பெரிய துண்டு. மூலை முடுக்கில், ஓட்டைக்குப் பக்கத்தில் சிறிய துண்டு. இந்தத் துண்டுகளின் பின்னலை அவர்கள் 'மெஷ்' என்பார்கள். மீனவர்களுக்கும் இந்தப் பேச்சு புரியும்: வலைக்கண் பெரிதானால் சின்ன மீன் நழுவிப் போகும்.

மூன்று டம்ளர்களுக்கு நடுவே

ஸ்லைப்னரில் நழுவிய மீன் எது? மூன்று டம்ளர்களை ஒன்றோடொன்று தொடும்படி மேசைமேல் வையுங்கள். நடுவே முக்கோணமாக ஓர் இடுக்கு கிடைக்கும். ஸ்லைப்னரின் கான்கிரீட் உருளைகளுக்கு நடுவிலும் அப்படி இடுக்குகள் இருந்தன. மேலே திறந்திருந்ததால் அந்த இடுக்குகளில் கடல்நீர் கடல்மட்டம் வரை நிற்கும். உருளைகளுக்குள்ளோ அவ்வளவு தண்ணீர் இல்லை. ஆக, இடுக்கில் நின்ற நீர் தன் மூன்று சுவர்களையும் வெளிப்பக்கமாக நெட்டித் தள்ளியது. அடித்தளம் ஆழத்துக்குப் போகப்போக அந்த நெட்டல் கூடியது.

அந்தத் தள்ளுதல் முழுவதும் வந்து குவியும் இடம் இடுக்கின் மூலை. வலை அங்கேதான் நெருக்கமாக இருந்திருக்க வேண்டும். மாறாக அங்கே துண்டுகள் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் அமைந்துவிட்டன. விளைவு, சுவரை அறுக்கப் பார்க்கும் விசையைக் கணினி 47 சதவீதம் குறைவாகச் சொன்னது. குறைவான விசைக்கு ஏற்ற கனத்தில் சுவரை எழுப்பினார்கள். மூலையில் வைத்த இரும்புக் கம்பிகளும் போதிய நீளத்துக்கு உள்ளே ஊன்றவில்லை. இரண்டு குறையும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன.

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது அடுத்து நடந்ததுதான். விபத்துக்குப் பிறகு அதே முறையில், அதே சமன்பாடுகளைக் கொண்டு, மூலையில் மட்டும் வலையை நெருக்கிப் பின்னி மறுபடி கணக்கிட்டார்கள். 62 மீட்டர் நீரழுத்தத்தில் சுவர் பிளக்கும் என்று விடை வந்தது. நிஜத்தில் அது பிளந்தது 65 மீட்டர் அழுத்தத்தில். மூன்றே மீட்டர் வித்தியாசம். விடை அந்தக் கருவிக்குள்ளேயே இருந்தது. அதைக் கேட்ட விதம்தான் பிசகு.

மாற்று அடித்தளத்தை வடிவமைக்க உட்கார்ந்தபோது, கணினி மீது சந்தேகம் தீராத நிலையில், ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கைக் கொண்டே வேலையைத் தொடங்கினார்கள். 1993இல் புதிய ஸ்லைப்னர் எரிவாயு தரத் தொடங்கியது. கைக்கணக்கு துல்லியத்தில் கணினியிடம் தோற்கும். ஆனால் 'விடை இந்த அளவில்தான் இருக்க முடியும்' என்ற ஒரு மட்டக்கோலை அது பொறியாளரின் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த மட்டக்கோல் இருந்திருந்தால் 47 சதவீதப் பிசகு கண்ணை உறுத்தியிருக்கும்.

பாலம் ஆடிய நாள்

வலை சரியாக இருந்தாலும் ஒத்திகை பொய்த்துப்போகலாம். 2000 ஜூன் 10இல் லண்டனின் தேம்ஸ் நதிமேல் மில்லேனியம் நடைபாலத்தைத் திறந்தார்கள். மெல்லிய, அழகான தொங்குபாலம். முதல் நாளே கூட்டம் அலைமோதியது. பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியவில்லை. இரண்டே நாளில் மூடிவிட்டார்கள்.

வடிவமைத்த ஆரப் நிறுவனம் கணக்கில் சோடை போனதல்ல. மனிதர் நடக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை பாதம் தரையை அழுத்துகிறது என்பது தெரியும். அந்தச் செங்குத்து விசைக்குப் பாலத்தைச் சோதித்திருந்தார்கள். ஆனால் இடது கால், வலது கால் என்று மாற்றி வைக்கும்போது நாம் வினாடிக்கு ஒருமுறை பக்கவாட்டிலும் லேசாகத் தள்ளுகிறோம். ஒவ்வொருவரும் தன்போக்கில் தள்ளினால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாலம் கொஞ்சம் அசைந்தால்? அசையும் படகில் நிற்பவர் போல எல்லோரும் கால்களை அகட்டி, பாலத்தின் ஆட்டத்துக்கு ஏற்றபடி நடக்கத் தொடங்குகிறார்கள். தள்ளுதல்கள் ஒரே தாளத்தில் சேர்கின்றன. பாலம் இன்னும் ஆடுகிறது. பிறகு ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தபோது, சுமார் 160 பேர் வரை பாலம் சாதுவாக இருந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று ஆட்டம் கூடுவதைக் கண்டார்கள். மொத்தம் 89 அதிர்வடக்கிகளைப் பொருத்தி, 2002இல்தான் மறுபடி திறக்க முடிந்தது.

அந்தப் பாலத்தின் ஒத்திகையில் மனிதர்கள் பாரமாக இருந்தார்கள். நிஜத்தில் அவர்கள் பாலத்தோடு உறவாடினார்கள். அந்த உறவைச் சொல்லும் சமன்பாடு கணினிக்குள் போகவே இல்லை. எத்தனை கோடித் துண்டாக வெட்டினாலும், உள்ளே போடாத இயற்பியல் வெளியே வராது.

மூன்றாவதாக இன்னொரு சறுக்கல் இருக்கிறது. அதற்குக் கணினியே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அந்த அமளிக்கு நடுவே தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஐரோப்பாவின் ஒரு பகுதியைக் கட்டங்களாகப் பிரித்து, 1910 மே 20ஆம் தேதியின் வானிலையை ஆறு மணி நேரத்துக்கு முன்கூட்டிக் கணித்துப் பார்த்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. கொடும் புயலில்கூட ஆறு மணி நேரத்தில் அப்படி மாறாது. அன்று நிஜத்தில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. ரிச்சர்ட்சன் இந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே போட்டார். பல பத்தாண்டுகள் கழித்து பீட்டர் லிஞ்ச் என்ற ஐரிஷ் வானிலையாளர் அதே கணக்கை எடுத்து, ஆரம்ப அளவீடுகளில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இருந்த ஒவ்வாமையைச் சமன்செய்துவிட்டு ஓட்டினார். நம்பத்தக்க விடை வந்தது. ரிச்சர்ட்சனின் முறையில் பழுதில்லை. உலையில் போட்ட அரிசியில்தான் கல் இருந்தது.

ஆக, ஒத்திகை பார்ப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா? சரியான சமன்பாட்டைத்தான் எடுத்தோமா? உள்ளே போட்ட எண்கள் மெய்யா? முதல் கேள்வியில் ஸ்லைப்னர் விழுந்தது. இரண்டாவதில் மில்லேனியம் பாலம் ஆடியது. மூன்றாவதில் ரிச்சர்ட்சன் சறுக்கினார். முதல் கேள்விக்கு மட்டும்தான் கணினி அறையிலிருந்தபடியே பதில் தேட முடியும். மற்ற இரண்டுக்கும் வெளியே வந்து நிஜத்தைத் தொட்டாக வேண்டும்.

இறக்கையை முறித்துப் பார்த்தவர்கள்

போயிங் 777 முழுக்க முழுக்கக் கணினித் திரையில் வடிவமைத்த முதல் பெரிய பயணிகள் விமானம். அதற்கு முன்பெல்லாம் மரத்திலும் உலோகத்திலும் முழு அளவு மாதிரி செய்து, குழாயும் வயரும் ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். 777க்கு அந்த வேலை பெரும்பாலும் திரையிலேயே முடிந்தது. 1994 ஜூனில் அது பறந்தும் விட்டது. ஆனாலும் 1995 ஜனவரியில் ஒரு முழு விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தி, இறக்கைகள் முறியும் வரை வளைத்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பாரத்தைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது சட்டம். 1.54 மடங்கில் முறிந்தது.

ஏர்பஸ் ஏ380இன் இறக்கை 2006இல் அதே சோதனையில் 1.5ஐத் தொடுவதற்குச் சற்று முன்பே முறிந்துவிட்டது. தோல்விதான். ஆனால் முறியும் புள்ளி வரையிலான அளவீடுகள் கைக்கு வந்துவிட்டதால், கணினி மாதிரியை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்த முடிந்தது. இறக்கையில் சிறு வலுவூட்டல் செய்தார்கள். இன்னோர் இறக்கையை உடைக்காமல் கணக்கைக் கொண்டே மெய்ப்பித்தார்கள். உடைந்த இறக்கை, ஏட்டுக்கு நம்பகத்தை ஈட்டித் தந்துவிட்டுப் போனது.

சிமுலேஷனின் வரவு எங்கே என்றால் இங்கேதான். நூறு வடிவங்களை ஏட்டில் உடைத்து, தேறிய ஒன்றை மட்டும் நிஜத்தில் உடைக்கிறோம். கார் மோதல் சோதனையும் அப்படியே. ஒரு முன்மாதிரிக் காரைச் சுவரில் மோதினால் அத்தோடு சரி. கணினியிலோ ஒரே காரை இரவு முழுக்க வேறு வேறு வேகத்தில், வேறு வேறு கோணத்தில் மோதவிட்டு, காலையில் வந்து பார்க்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம்

இதுவரை சொன்னதெல்லாம் கட்டுவதற்கு முந்தைய ஒத்திகை. கட்டிய பின்?

1970 ஏப்ரல் 13. பூமியிலிருந்து 3 லட்சம் கி.மீ.க்கு அப்பால் அப்போலோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. நிலவுக்குப் போக வேண்டியவர்கள், நிலவில் இறங்கும் கலத்தையே உயிர்காக்கும் படகாக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. வீரர்களின் பயிற்சிக்காகக் கட்டிய கல மாதிரிகள் பூமியில் இருந்தன. விண்ணில் கலம் என்ன நிலையில் இருக்கிறதோ அதே நிலைக்கு இந்த மாதிரிகளையும் கொண்டுவந்து, அடுத்து எந்தச் சுவிட்சைப் போடலாம், எதைப் போட்டால் மின்கலம் தீர்ந்துவிடும் என்று கீழே பார்த்து மேலே சொன்னார்கள். அம்மை தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தால் கடைசி நேரத்தில் பயணத்திலிருந்து விலக்கப்பட்ட கென் மேட்டிங்லி, அணைத்துவைத்த கலத்தை மீண்டும் உயிர்ப்பிக்கும் வரிசையை வகுக்க உதவினார். ஏப்ரல் 17இல் மூவரும் பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

டிஜிட்டல் இரட்டையின் மூதாதை இதுதான் என்று பலர் சொல்வார்கள். அந்த மாதிரிகள் முழுக்க டிஜிட்டல் அல்ல. ஆனால் இரட்டை என்ற குணம் இருந்தது. மேலே நடந்தது கீழே வந்தது; கீழே கண்டது மேலே போனது. 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் இந்த ஏற்பாட்டை ஒரு கருத்தாக்கமாக முன்வைத்தார்: நிஜ வெளியில் ஒரு பொருள், மெய்நிகர் வெளியில் அதன் பிரதி, இரண்டுக்கும் நடுவே தகவல் ஓடும் இணைப்பு. டிஜிட்டல் ட்வின் என்ற பெயரைக் கொடுத்தவர் நாசாவின் ஜான் விக்கர்ஸ்.

அந்த மூன்றில் உயிர்நாடி இணைப்புதான். ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே வரைபடத்தின்படி செய்த இரண்டு ஜெட் எஞ்சின்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாலைவன ஊர்களுக்குப் போய்வருகிறது; மணலை விழுங்கி அதன் விசிறி இதழ்கள் தேய்கின்றன. இன்னொன்று குளிர்க்கடல்களின் மேல் பறக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து அவை வேறு வேறு எஞ்சின்கள். சிமுலேஷன் அந்த ரகத்துக்கே பொதுவான பாடம் சொல்லும். இரட்டையோ வரிசை எண் போட்ட ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனி ஜாதகம். அதன் வெப்பம், அதிர்வு, சுழற்சி எல்லாவற்றையும் அந்தந்தப் பயணத்திலேயே வாங்கிப் பதிந்துகொண்டு, 'இந்த எஞ்சினை இத்தனை பயணத்துக்குள் கழற்றிப் பார்' என்று சொல்கிறது. நாள் கணக்கில் பராமரித்தது போய், ஆள் பார்த்துப் பராமரிப்பது.

இரவுப் பேருந்துக் கணக்கு

அளவீடு வந்துவிட்டால் போதுமா? அளவீட்டுக் கருவியும் பொய் சொல்லும். ஏடு ஒன்று சொல்ல, கருவி வேறொன்று சொன்னால் யாரை நம்புவது?

சென்னை கிளாம்பாக்கத்தில் இரவு பத்து மணிக்கு மதுரைப் பேருந்தில் ஏறுகிறீர்கள். மணிக்கு 60 கி.மீ. என்று மனதில் ஒரு கணக்கு. ஒரு மணிக்குக் கண் விழிக்கிறது. மூன்று மணி நேரம், 180 கி.மீ.; உளுந்தூர்பேட்டை தாண்டியிருக்க வேண்டும். ஜன்னலில் ஒரு கடைப் பலகை ஓடி மறைகிறது. அதில் விழுப்புரம் என்று இருந்ததுபோல் இருக்கிறது. விழுப்புரம் என்றால் ஏறக்குறைய 130 கி.மீ.தான். கணக்கை முழுதாக நம்ப முடியாது. வழியில் டீக்கடையில் நிறுத்தியிருப்பார்கள். பலகையையும் முழுதாக நம்ப முடியாது. தூக்கக் கலக்கம், தவிர ஊருக்கு வெகு தூரம் முன்பே ஊர்ப்பெயரைப் போட்ட கடைகள் உண்டு. நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் நடுவே, அதிகம் நம்பத் தோன்றுவதன் பக்கம் சாய்ந்து ஓரிடத்தை வைத்துக்கொள்வீர்கள். கூடவே, 'இந்த வண்டி அறுபதில் போகவில்லை' என்று வேகத்தையும் திருத்திக்கொள்வீர்கள். அடுத்த பலகை வந்தால் மறுபடி திருத்தம்.

இதைத்தான் 1960இல் ருடால்ஃப் கால்மன் கணிதமாக்கினார். கணிப்பின் நம்பகம் இவ்வளவு, அளவீட்டின் நம்பகம் இவ்வளவு என்று இரண்டையும் தராசில் வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று சொல்லும் வழி. அப்போலோ கலங்களின் வழிகாட்டலுக்கு நாசாவின் ஸ்டான்லி ஷ்மிட் இதைத் தகவமைத்தார். இன்று உங்கள் செல்போனின் இருப்பிடப் புள்ளியிலிருந்து வானிலை முன்னறிவிப்பு வரை, இந்தத் தராசோ இதன் பங்காளிகளோதான். இரட்டையின் மூளை முப்பரிமாணப் படத்தில் இல்லை. இந்தத் தராசில் இருக்கிறது. கண்காட்சிகளில் பளபளவென்று சுழலும் படத்தைக் காட்டி இதுதான் டிஜிட்டல் இரட்டை என்பார்கள். நிஜத்திலிருந்து அதற்குக் கடைசியாக எப்போது சேதி வந்தது, அந்தச் சேதியால் எது திருந்தியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது ஃபோட்டோ.

ஏ380 கதையிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. அந்த விமானத்துக்குள் 530 கி.மீ. நீள வயர் ஓடுகிறது. ஹாம்பர்க்கிலும் துலூஸிலும் இருந்த பொறியாளர்கள் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வேறு வேறு பதிப்புகளைப் பயன்படுத்தினார்கள். ஓரிடத்தில் மாற்றியது மற்ற இடத்தில் ஒழுங்காகப் பதியவில்லை. ஹாம்பர்க்கில் கட்டிய வயர்க் கற்றைகளைத் துலூஸில் பொருத்தப்போனால் எட்டவில்லை. விமானம் வாடிக்கையாளரிடம் போய்ச்சேர ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதம். பிரதிகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் நிஜத்தோடு எப்படிப் பேசும்?

எல்லாவற்றுக்கும் இரட்டை வேண்டுமா என்றால், வேண்டாம். வீட்டு மின்விசிறி சத்தம் போட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் போதும். பழுதானால் பலர் உயிர் போகும், அல்லது நேரில் போய்ப் பார்க்கவே முடியாது என்ற இடத்தில்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம்.

இன்னோர் ஆகஸ்ட் 23

நேரில் போய்ப் பார்க்க முடியாத இடங்களில் நிலவு ஒன்று. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதி உடைந்தது. காரணங்களை இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பின்னர் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. சிறு சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்ப நேரும் என்று யாரும் நினைக்காததால் மென்பொருள் அதற்கு வரம்பு கட்டியிருந்தது. இறங்கவேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்.

சந்திரயான்-3இல் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்பதை விட்டுவிட்டு, எது எது கெட்டுப்போகலாம், கெட்டாலும் இறங்குவது எப்படி என்று கேட்டார்கள். உணரி பழுதானால்? எஞ்சின் ஒன்று நின்றால்? கணக்கே தப்பினால்? ஐந்து எஞ்சின் நான்கானது. கால்களை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி வலுப்படுத்தினார்கள். இறங்கும் பரப்பு 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆனது. ஏட்டோடும் நிறுத்தவில்லை. உணரிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சோதித்தார்கள்; எஞ்சின்களை எரியவிட்டு, கலத்தை உயரமான கிரேனில் கட்டிச் சோதித்தார்கள்; கால்களை நிலவு மண் போன்ற மண்ணில் இறக்கிச் சோதித்தார்கள். நிலவின் மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனது. அதே பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான்-2 காலத்திலேயே அதை வெட்டியெடுத்து, நிலவு மண்ணின் பதத்துக்குப் பொடித்துப் பரப்பியிருந்தார்கள். நிலவுக்கு நம் ஊரில் ஓர் இரட்டை.

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. ஸ்லைப்னர் முழுகி 32 ஆண்டு நிறைந்த அதே தேதியில் விக்ரம் நிலவில் கால் ஊன்றியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்.

இறங்கிய பின் விக்ரம் ஒரு வெப்பமானிக் குச்சியை நிலவின் மண்ணில் செருகியது. அந்த இடத்தின் உச்ச வெப்பம் 57 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் என்பது மாதிரிகளின் எதிர்பார்ப்பு. குச்சி காட்டியதோ 82 டிகிரி. 25 டிகிரி வித்தியாசம் சின்ன விஷயமல்ல. ஆராய்ந்து பார்த்தபோது, குச்சி இறங்கிய இடம் சூரியனைப் பார்த்தபடி ஆறு டிகிரி சாய்ந்திருந்தது. ஒரு மீட்டர் தள்ளிச் சமதளமாக இருந்த மண்ணில் வெப்பம் 59 டிகிரி. ஏடு சொன்னதற்கு ஒட்டியே இருந்தது.

ஏட்டில் அந்த நிலம் தட்டையாக இருந்தது. சாய்வைப் பார்க்க ஒரு குச்சி அங்கே போக வேண்டியிருந்தது. இப்போது ஏட்டிலும் அந்த ஆறு டிகிரி ஏறிவிட்டது.